பாப்பம்மா ஆயா வாங்கப் போன சம்மதம்

பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண்பாதையில் முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால் கொக்கோத்தோட்டம் வரும். காகிதத்தில் அதற்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு. அதை வாய்க்குள் நுழைக்க யாருக்கும் பொறுமை இல்லை. அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் கூடத்தில், பாப்பம்மா இருபத்திநாலு வருஷம் ஆயாவாக இருந்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். "டேய்" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் தொட்டிலில் அழுகிற பிள்ளை நிறுத்திவிடும். கீழ்மலையில் கொக்கோக் காய் உடைத்துக்கொண்டிருப்பவன்கூட, என்னவோ ஏதோ என்று கத்தியைக் கீழே போட்டுவிடுவான்.

எந்தப் பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது, எது மண் தின்னும், எது பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தோட்டத்து ஆபீசில் பதிவு இருக்கிறதோ இல்லையோ, பாப்பம்மாவைக் கேட்டால் பிறந்த நாள், நேரம், அன்றைக்குப் பெய்த மழை வரைக்கும் சொல்லிவிடுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள், அதுதான் கஷ்டம்.

இப்படி ஊர்ப்பிள்ளை நாற்பதைக் கட்டி மேய்த்தவளுக்குச் சொந்தமாக ஒன்று இல்லை. புருஷன் இருளாண்டி ராக்காவல்காரன். இரவெல்லாம் மிளகுக் கொடிக்குக் காவல் இருந்துவிட்டுப் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவான். கோயில், ஆஸ்பத்திரி, வேண்டுதல், மருந்துக் கஷாயம் எல்லாம் பார்த்து இருவரும் அலுத்துப்போயிருந்தார்கள். ஒரு தடவை தம்பி மகளை எடுத்து நாலு வருஷம் வளர்த்தாள். எழுபத்தொன்பதில் தம்பி குடும்பத்துக்கு இந்தியா போகக் கப்பல் டிக்கெட் வந்தது. குடும்பக் காகிதத்தில் அந்தப் பிள்ளையின் பேரும் இருந்தது. தம்பி வந்தான், பிள்ளையின் கையைப் பிடித்தான், போய்விட்டான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவன் பெற்ற பிள்ளைதானே. ஆனால் பாப்பம்மா அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இனி ஒரு பிள்ளையை எடுத்தால், கோர்ட்டு முத்திரை குத்திய காகிதத்தோடுதான் எடுப்பது என்று அன்றைக்கே மனசில் ஆணி அடித்தது போல முடிவு செய்துகொண்டாள்.

எண்பத்தாறாம் வருஷம் அதற்கு ஒரு வழி பிறந்தது. வேலம்மா என்று ஒரு பெண், பாப்பம்மாவின் தொட்டிலில் வளர்ந்தவள்தான். கணபதி என்ற பையனோடு மாத்தளைக்கு ஓடிப்போய், கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, மறுநாள் பொழுது சாய்வதற்குள் பசி தாங்காமல் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்குப் பதினாறு, அவனுக்குப் பதினெட்டு. கல்யாணத்தை எழுதவும் இல்லை, எழுதுகிற வயசும் இல்லை. வேலம்மாவின் அப்பா செல்லச்சாமி அன்றிலிருந்து மகளோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் மரத்தைப் பார்ப்பார். மறுவருஷம் முத்துராசு பிறந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சோடி மாதிரிப் பெற்றோரைத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. கணபதிக்குக் கரப்பந்துதான் உயிர். வேலம்மா பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தால், கொடுத்துவிட்டு மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கல்லாங்காய் ஆடுவாள். சங்கு ஊதினாலும் எழும்ப மாட்டாள், ஆட்டத்தில் தோற்றால் அழுவாள். ஒருநாள் சாயங்காலம் அவசரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கணபதி லயத்து வீடெல்லாம் சீனி கொடுத்துக்கொண்டு வருகிறான், மூணு மாசத்திலேயே மகனுக்கு ரெண்டு பல் முளைத்துவிட்டதாம். பாப்பம்மா ஓடிப்போய்ப் பார்த்தால் அது பக்கத்து லயத்துப் பிள்ளை. முத்துராசு பிள்ளைக்காம்பராவில் தனியாகத் தொட்டிலில் கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அன்று இரவு அவனைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டாள் பாப்பம்மா. அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். அவ்வளவுதான், மனசு போய்விட்டது. மறுநாள் காலை இருவரையும் கூப்பிட்டு, பிள்ளையை எனக்குத் தருவீங்களா என்று கேட்டாள். தேங்காய் துருவியை இரவல் கேட்டது போல இருவரும் சரி என்றார்கள். கணபதி ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னான், பந்து ஆட்டத்துக்கு நேரமாகியிருந்தது.

மாத்தளைக் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு தார்ப்பாயின் கீழே டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார் மக்கீன் நானா. பெட்டிசம் எழுதுவது அவர் தொழில். தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதினாலும், காணாமல்போன மாட்டைப் பற்றி எழுதினாலும், 'கண்ணீரும் கம்பலையுமாய்ப் பணிந்து விண்ணப்பிப்பது' என்றுதான் தொடங்குவார். பாப்பம்மா கதை முழுவதையும், பல் முளைத்த விஷயம் உட்பட, ஒரு மணி நேரம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, அந்தப் புள்ளைக்கு இருவத்தொண்ணு ஆகல்லையே. அவட கையெழுத்து மட்டும் போதாது. அவட வாப்பாவும் கோட்டுக்கு வந்து சம்மதம் செல்லணும்."

தாய்க்கே அவள் தகப்பன் சம்மதம் வேணும் என்றால் இது என்ன கூத்து என்று பாப்பம்மா கேட்டாள். பிள்ளையைப் பெறுவதற்குச் சட்டம் வயசு கேட்கவில்லை, கொடுப்பதற்குக் கேட்கிறது என்று மக்கீன் நானா பெருமூச்சு விட்டார். கணபதியும் கூடவே வந்திருந்தான். பிறப்புப் பதிவில் தகப்பன் பேர் இல்லாததால் அவனுக்கு இதில் வேலையே இல்லை என்றதும் முகம் தொங்கிப்போய்விட்டது. இதற்காகவே இரண்டு நாள் கஷ்டப்பட்டு, அடியில் சுழி வைத்த ஒரு கையெழுத்தைப் பழகி வந்திருந்தானாம். பாவம் என்று மக்கீன் நானா ஒரு வெற்றுத்தாளை எடுத்துக் கொடுத்தார். அவன் அதில் மூன்று தடவை கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

செல்லச்சாமியிடம் போக பாப்பம்மாவுக்குப் பயம்தான். மகள் பேச்சை எடுத்தாலே மனுஷன் எழும்பிப் போய்விடுவார். ஆனால் கோர்ட்டில் அவருடைய சம்மதத்தைக் கேட்கிறார்கள் என்றதும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் கேட்கிறது, நீதவானா, நேரே என்னையா என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஐம்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் அவர் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை, மகள் ஓடும்போதுகூட. தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரிடம் கோட்டு ஒன்று இரவல் வாங்கி, வேப்பிலை வைத்து மடித்து, தலையணைக்குக் கீழே போட்டுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, நீதவானோடு மட்டும்தான் பேசுவார், மகளோடு பேசமாட்டார்.

இவ்வளவும் ஆன பிறகுதான் மக்கீன் நானா வேலம்மாவின் வயதுச் சான்றிதழைக் கேட்டார். பாப்பம்மா கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் வேலம்மாவுக்கு வயது இருபத்துமூன்று.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்துச் சனத்தில் பாதிக்குப் பிறந்த பதிவு கிடையாது. தோட்டம் அரசாங்கத்துக்குக் கைமாறியபோது செக்ரோல் என்கிற பழைய வேலையாள் பேரேடுகளைக் கறையான் தின்றுவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஆளைப் பார்த்து உத்தேசமாக வயது எழுதிக் கொடுக்க ஒரு ஐயா வந்தார். வேலம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு. பேர் பதிந்து வேலை கிடைக்க வேண்டுமே என்று, செல்லச்சாமி அவளுக்கு அவள் அம்மாவின் சேலையைச் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்திப் பதினெட்டு என்றார். வளர்ந்த பெண், ஐயா எழுதிவிட்டார். அடுத்த வாரம் செல்லச்சாமி தனக்கு எழுதப் போனார். வேலையை விட்டு நிறுத்துகிற வயசு நெருங்கிக்கொண்டிருந்ததால், தலைக்கும் மீசைக்கும் சாயம் அடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முப்பது என்றார். அப்போது அவருக்கு ஐம்பது. அந்த ஐயாவுக்குக் கண்ணில் கோளாறோ, மனசில் இரக்கமோ, அதையும் எழுதிக் கொடுத்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவசியமும் வரவில்லை.

மக்கீன் நானாவுக்கோ வாயெல்லாம் பல். இருபத்துமூன்று என்றால் அவள் கையெழுத்தே போதும், தகப்பனே தேவையில்லை. பாப்பம்மாவுக்கும் சந்தோஷம்தான், ஆனால் செல்லச்சாமியிடம் போய் உங்க சம்மதம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. சும்மா வந்து ஓரமாக உட்காரட்டுமே, கோர்ட்டுக்கு என்ன செலவா என்று விட்டுவிட்டாள். அங்கேதான் பிசகியது.

வழக்கு நாள் அன்று எல்லோரும் முதல் பஸ்ஸில் போனார்கள். வேலம்மா பிள்ளையோடு முன் சீட்டில், செல்லச்சாமி கோட்டோடு பின் சீட்டில், நடுவில் பாப்பம்மா. இருளாண்டி ராக்காவல் முடிந்த கையோடு வந்ததால் பஸ்ஸில் தூங்கினான், கோர்ட்டு வாசலில் தூங்கினான், உள்ளே வாங்கில் உட்கார்ந்ததும் தூங்கினான். முத்துராசுவுக்கென்று வாங்கிய புதுக் குல்லா பாப்பம்மாவின் மடியில் இருந்தது. அவனுடைய தொட்டிலைக்கூட வீட்டில் கட்டியாகிவிட்டது.

பேர் கூப்பிட்டார்கள். நீதவான் சிங்களத்தில் கேட்பார், முதலியார் என்கிற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லுவார். தாய் எங்கே என்றதும் வேலம்மா எழும்பினாள். யாரும் கூப்பிடாமலே செல்லச்சாமியும் எழும்பி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எனக்குப் பூரண சம்மதம் என்று உரக்கச் சொன்னார். நீதவான் இவர் யார் என்றார். தாயின் தகப்பன் என்று முதலியார் சொன்னார். வந்ததற்குப் பதிந்து வைப்போம் என்று அவருடைய காகிதத்தையும் வாங்கினார்கள். நீதவான் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் திரும்பப் பார்த்தார்.

"இவருக்கு முப்பத்தஞ்சு வயசு, மகளுக்கு இருபத்துமூணு. பன்னிரண்டு வயசுல தகப்பனானீங்களா என்று ஐயா கேட்கிறார்," என்றார் முதலியார். தன் முகத்தை மறைக்க ஒரு வழக்குக் கோப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கோர்ட்டு முழுக்கச் சிரிப்பு. செல்லச்சாமிக்கு வேர்த்தது. வேர்வையில் மீசைச் சாயம் கரைந்து கறுப்பாக ஒரு கோடு வாயோரம் இறங்கியது. உண்மையைச் சொன்னால் அடுத்த மாதமே வேலை போய்விடும். அவர் நெஞ்சில் கை வைத்து, எனக்கு முப்பத்தஞ்சுதான் ஐயா, சத்தியம் என்றார். அப்படியானால் மகளின் வயது தவறு, இந்தப் பெண்ணின் வயது தெரிந்தவர் யார் என்று நீதவான் கேட்டார்.

கேட்காமலே சொல்லுகிறவளிடம் கேட்டால் என்ன ஆகும். பாப்பம்மாவின் கை தானாகவே மேலே போய்விட்டது. ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை, விடியற்காலை, லயத்துக்கு முன்னால் மரம் விழுந்த மழை, இந்தக் கையால்தான் தொட்டில் கட்டினேன், பதினேழு முடிந்து பத்து மாசம் என்று கடகடவென்று சொல்லிவிட்டாள். பின்னால் நின்ற மக்கீன் நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். நீதவான் பென்சிலால் கூட்டிக் கழித்தார். முப்பத்தஞ்சில் பதினேழு போனால் பதினெட்டு. காகிதப்படி செல்லச்சாமி ஒழுங்கான வயசில் தகப்பனாகிவிட்டார். நீதவான் கொஞ்ச நேரம் அந்த மீசையையே பார்த்தார், பிறகு நம்முடைய வேலை மீசையை விசாரிப்பதில்லை என்று மேலே போனார்.

தாய்க்கு வயது போதாது, ஆனால் தகப்பன்தான் சம்மதம் சொல்லியாகிவிட்டதே. மக்கீன் நானாவுக்கு உயிர் திரும்பி வந்தது. மிஞ்சியது வேலம்மா மட்டும். பிள்ளையைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள்.

அவள் நீதவானைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துக்கலாங்களா?" என்று கேட்டாள்.

நீதவான் நிதானமாகச் சொன்னார், முதலியார் அதைவிட நிதானமாகத் தமிழாக்கினார். ஞாயிறு என்று ஒன்றும் இல்லை. இன்றிலிருந்து இவன் சட்டப்படி பாப்பம்மாவின் மகன். அவன் பேர் மாறலாம், ஊர் மாறலாம், நீ கேட்க முடியாது. வேலம்மா இதை இப்போதுதான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறாள். இத்தனை மாதத்தில் அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. பாப்பம்மாவும் சொல்லவில்லை. மறந்து விட்டதல்ல அது, சொல்லப் பயமாக இருந்தது.

வேலம்மா பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் சுவரைப் பார்த்தார். பாப்பம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றாள்.

நீதவான் பேனாவைத் திறந்தார். எட்டு மாதமாக பாப்பம்மா கனவு கண்ட காகிதம் அவர் கையின் கீழே இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பிள்ளை அவளுக்கு. தம்பியும் வரமாட்டான், கப்பலும் வராது. வாயை மூடு, வாயை மூடு என்று பாப்பம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய வாய் என்றைக்கு அவள் சொல் கேட்டிருக்கிறது.

"ஐயா, எழுதாதீங்க," என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த வேலம்மாப் புள்ளைய மூணு மாசக் கைக்கொழந்தையிலேர்ந்து எனக்குத் தெரியும். பேதி மருந்த குடிடின்னா இதே மாதிரிதான் தலைய குனிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்லுவா. வாயில வாங்கிக்குவா, முழுங்கமாட்டா. காம்பராவுக்குப் பின்னால போயி துப்பிட்டு வந்து நிப்பா. இது அந்த சரிங்க ஐயா. இத வச்சி நீங்க ஒண்ணும் எழுதாதீங்க."

முதலியார் பேதி மருந்துக்குச் சிங்களம் தேடித் தடுமாறினார். ஆனால் நீதவானுக்குத் தமிழ் தெரியாது என்று யார் சொன்னது. அவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. பேனாவை மூடினார். அம்மா, உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லுகிறீர்கள், விளங்குகிறதா என்று தமிழிலேயே கேட்டார். விளங்குதுங்க என்றாள் பாப்பம்மா. விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள்.

வேலம்மா ஓவென்று அழுதாள், அதைப் பார்த்துப் பிள்ளை அழுதான். செல்லச்சாமி கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். பிறகு, ஒன்றேமுக்கால் வருஷம் கழித்து, மகளோடு முதல் வார்த்தை பேசினார், மூக்கைச் சிந்து என்றார். சிந்தத் துணி ஒன்றும் இல்லாததால் இரவல் கோட்டின் நுனியை நீட்டினார். மக்கீன் நானா எல்லோருக்கும் பிளேன் டீ வாங்கிக் கொடுத்தார். மறுபடியும் எழுதுவோமா என்று கேட்க வாயெடுத்தவர், பாப்பம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சீனி போதுமா அக்கா என்று மட்டும் கேட்டார்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் பாப்பம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன் சீட்டில் வேலம்மா புதுக் குல்லாவைப் பிள்ளைக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். அதை எப்போது அவள் மடியில் போட்டோம் என்று பாப்பம்மாவுக்கே நினைவில்லை. பலாபத்வலை நெருங்கும்போது ஒரு குலுக்கலில் இருளாண்டிக்கு விழிப்பு வந்தது. பெண்டாட்டியின் மடியைப் பார்த்தான்.

"புள்ள எங்க?"

"அவங்க ஆத்தாகிட்ட."

"ஏன், யாரு சம்மதிக்கல?"

பாப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான்," என்றாள்.